சுவடிப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள்

லண்டனில் ராயல் ஆல்பர்ட் மண்டபத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. அதன் வெளிச்சுவரில் இரண்டு சிலைகள். ஒருவர் ஆப்பிரிக்காவைச் சுற்றிய டேவிட் லிவிங்ஸ்டன். மற்றவர் தென்துருவப் பனியில் போராடிய எர்னஸ்ட் ஷேக்கல்டன். அரச புவியியல் கழகம் இயங்கும் இடம் இது. 1830இல் தொடங்கப்பட்ட இக்கழகம் 1859இல் விக்டோரியா அரசியின் சாசனத்தைப் பெற்றது. 1913 முதல் இந்த மாளிகையில் இருந்து வருகிறது.

இங்கே சேர்ந்திருக்கும் பொருள்கள் 20 லட்சத்துக்கும் அதிகம். வரைபடங்கள், நிழற்படங்கள், நூல்கள், பயணக் கருவிகள், கடிதங்கள், நாட்குறிப்புகள் என்று பல வகை. உலகத்தின் எந்த மூலைக்கு எந்த ஆங்கிலேயர் போனாலும் அங்கிருந்து கழகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கடிதங்கள்தான் இன்று வரலாற்றுச் சுவடிகள்.

இவ்வளவு பெரிய குவியலில் ஒருவர் தமக்கு வேண்டிய தாளை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலைப் பார்த்துத்தான். பட்டியலில் இருப்பது கைக்குக் கிடைக்கும். பட்டியலில் இல்லாதது பெட்டிக்குள்ளேயே தூங்கும். ஆகவே பட்டியல் போடுவது வெறும் எழுத்தர் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. யார் நினைக்கப்பட வேண்டும், யார் மறக்கப்பட வேண்டும் என்பதை அதுவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அனுப்பியவர் பெயரில் கட்டிய கட்டு

19ஆம் நூற்றாண்டில் கழகத்துக்கு வந்த கடிதங்களைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பத்தாண்டுக் கட்டுக்குள்ளும் கடிதம் எழுதியவரின் பெயர்ப்படி அடுக்கினார்கள். கழகத்தின் ஆய்விதழில் வெளியிடுவதற்காக வந்த கட்டுரைகளின் கையெழுத்துப்படிகள் நாடு, வட்டாரம் என்று தனியாக வைக்கப்பட்டன. ஓர் அலுவலகம் நடத்துவதற்கு இது நல்ல முறைதான். ஸ்பீக் எழுதிய கடிதம் வேண்டுமென்றால் ஸ்பீக் பெயரைப் பார்த்து எடுத்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடிதம் எழுதியவர் ஒருவர். ஆனால் அந்தக் கடிதத்துக்குள் நடமாடுபவர்கள் பலர். வழி காட்டியவர், மொழி பெயர்த்தவர், மூட்டை சுமந்தவர், படகு வலித்தவர், நோயில் விழுந்தவரைத் தூக்கிச் சென்றவர். இவர்கள் கழகத்துக்குக் கடிதம் எழுதவில்லை. பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அனுப்பியவர் பெயரில் மட்டும் பட்டியல் அமைந்தால் இவர்களுக்கு அதில் இடமே கிடையாது.

பம்பாய் என்றொரு மனிதர்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சீடி முபாரக் பம்பாய். கிழக்கு ஆப்பிரிக்காவின் யாவ் இனத்தில் ஏறக்குறைய 1820இல் பிறந்தவர். சிறுவயதிலேயே அடிமை வியாபாரிகளிடம் சிக்கி இந்தியாவுக்குக் கொண்டு போகப்பட்டார். எசமானர் இறந்த பிறகு விடுதலை கிடைத்து ஆப்பிரிக்கா திரும்பினார். இந்தியாவில் வாழ்ந்ததால் வந்த பெயர்தான் பம்பாய்.

1857இல் பர்ட்டனும் ஸ்பீக்கும் பெரிய ஏரிகளைத் தேடிப் புறப்பட்டபோது பம்பாய் உடன் சென்றார். அவர்களோடு அவர் இந்துஸ்தானியில் பேசினார். கேட்டதைச் சுவாகிலியில் மாற்றி மற்றவர்களுக்குச் சொன்னார். அந்த இரண்டு மொழிகளும் அவருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எந்த ஊரில் என்ன பேரம் பேசுவது, எந்தத் தலைவரிடம் எப்படி அனுமதி கேட்பது என்பதெல்லாம் பெரும்பாடாகியிருக்கும். பிறகு 1860இல் ஸ்பீக், கிராண்ட் இருவரோடும், 1871இல் லிவிங்ஸ்டனைத் தேடிச் சென்ற ஸ்டான்லியோடும், 1873இல் ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த கேமரனோடும் நடந்தார். நான்கு பெரும் பயணங்களிலும் பங்கு கொண்டவர். கழகமே அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. 1876இல் ஓய்வூதியமும் வழங்கியது. 1885இல் அவர் காலமானார்.

இப்படிப்பட்டவரைச் சுவடிகளில் தேடிப் பார்த்தால் என்ன ஆகும்? பம்பாய் என்று தேடினால் இந்தியத் துறைமுக நகரம்தான் வரிசையாக வந்து நிற்கும். முபாரக் என்று தேடினால் ஒவ்வொரு பயணியும் அதைத் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார். ஊர்ப் பெயருக்குள் ஒரு மனிதர் ஒளிந்து கிடக்கிறார்.

பண்டிதர் என்ற மறைப்பெயர்

இரண்டாவது எடுத்துக்காட்டு இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிறது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவைப் பணி, அறுபது ஆண்டுகளில் இமயத்தை எட்டிவிட்டது. அதற்கு அப்பால் திபெத். அங்கே வெளியாருக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

குமாவூன் மலையில் மிலம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங். அளவைத் துறையின் கேப்டன் மாண்ட்கோமரி அவரைப் போன்ற மலைவாசிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். மேடானாலும் பள்ளமானாலும் 2,000 அடி வைத்தால் ஒரு மைல் என்று வரும்படி நடக்கப் பழகினார் நைன் சிங். கையில் ஜெபமாலை. வழக்கமான மாலையில் 108 மணிகள். அவருடைய மாலையில் 100தான். நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடி, அதாவது ஐந்து மைல். மந்திரச் சீட்டு இருக்க வேண்டிய உருளைக்குள் அளவைக் குறிப்புகள் இருந்தன. 1866 ஜனவரியில் அவர் லாசாவை அடைந்தார்.

அந்தப் பயண அறிக்கை 1868இல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் நடந்தவரின் பெயர் இல்லை. பண்டிதர் என்று மட்டுமே இருந்தது. உயிருக்கு ஆபத்து என்பதால் பெயரை மறைத்தது நியாயமே. அவர் பணியிலிருந்து ஓய்வு பெறும் வேளையில்தான் பெயர் வெளியே வந்தது. 1877இல் கழகம் அவருக்குத் தனது தங்கப் பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது. 2004இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஆனால் ஆபத்து நீங்கிய பிறகும் பழைய தாள்களில் பண்டிதர் என்ற சொல் அப்படியேதான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குரியவர்கள் பலர். எந்தத் தாளில் வரும் பண்டிதர் நைன் சிங், எதில் வருபவர் வேறொருவர் என்பதைப் பட்டியல் போடுபவர் தேதி, பாதை, ஊர் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

தூக்கி வந்த கைகள்

லிவிங்ஸ்டன் 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய ஜாம்பியாவில் சிதாம்போவின் கிராமத்தில் இறந்தார். அவரோடு இருந்த சூமா, சூசி முதலானோர் அவருடைய இதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலை வெயிலில் உலர்த்தித் துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றினார்கள். சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்து கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அவருடைய குறிப்பேடுகளையும் பத்திரமாகச் சுமந்து வந்தார்கள். 1874 ஏப்ரல் 18ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது. அங்குள்ள கல்வெட்டு அவரைக் கொண்டு வந்த விசுவாசமான கைகளைப் போற்றுகிறது. அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்லவில்லை.

கழகம் சுமார் 60 பேருக்குப் பதக்கம் செய்தது. பதக்கம் தயாரானபோது பலர் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தார்கள். சூமாவும் சூசியும் 1874இல் இங்கிலாந்துக்கு வந்தார்கள். லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகளை ஹோரேஸ் வாலர் பதிப்பித்தபோது, கடைசி நாள்களில் நடந்ததை இவர்கள் வாயால் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். நூலின் முடிவுப் பகுதி இவர்கள் தந்த சாட்சி. எழுதியவர் பெயரில் மட்டும் பட்டியல் போட்டால் இந்தச் சாட்சிக்கு உரியவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

அந்தக் குழுவில் எழுதத் தெரிந்தவரும் ஒருவர் இருந்தார். ஜேக்கப் வெயின்ரைட். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு, இந்தியாவில் நாசிக் அருகே மிஷனரிப் பள்ளியில் படித்தவர். அவரும் ஒரு நாட்குறிப்பு எழுதினார். 1874இல் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆனால் அவர் கைப்பட எழுதிய ஆங்கிலப் பிரதியோ, ஸ்காட்லாந்தில் லிவிங்ஸ்டன் பிறந்த இல்லத்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் அதிகம் பேசப்படாமல் இருந்தது. 2019இல்தான் அது இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. ஏறக்குறைய 145 ஆண்டுகள்!

மலாய்த் தீவுகளின் அலி

இந்தக் கதை இந்த வட்டாரத்தையும் தொடுகிறது. ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் சிங்கப்பூர் வந்து இறங்கியதற்குக் கழகத்தின் தலைவர் மர்ச்சிசன் உதவினார். எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளில் சுற்றிய வாலஸ், ஊர் திரும்பிய பின் 1863இல் அதே கழகத்தின் முன் தம் முடிவுகளை வாசித்தார்.

சரவாக்கில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அலி என்ற மலாய் இளைஞர். முதலில் சமையல் வேலை. பிறகு பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு வாலஸுக்கு வலது கையானார். பாச்சான் தீவில் 1858இல் அறிவியல் உலகம் அதுவரை அறியாத ஒரு சொர்க்கப் பறவையை முதலில் கொண்டு வந்தவர் அலிதான். இன்று அந்தப் பறவை வாலஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரியும் முன் 1862இல் சிங்கப்பூரில் எடுத்த அலியின் படம், வாலஸின் தன்வரலாற்றில் 1905இல் அச்சானது. வாலஸ் பெயரைச் சொல்லி எழுதியதால் அலி இன்றும் அடையாளம் தெரிகிறார். அப்படி எழுதாத எசமானர்களிடம் வேலை செய்தவர்களின் நிலையை யோசித்துப் பார்க்கலாம்.

திருத்தும் முறை

2004இல் பொதுமக்களும் பயன்படுத்தும் புதிய படிப்பறையை அரச புவியியல் கழகம் திறந்தது. ஃபீலிக்ஸ் டிரைவர், லோரி ஜோன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இதே சேகரிப்பைப் புரட்டி, பயணங்களின் மறைந்த வரலாறு குறித்த கண்காட்சியை 2009இல் நடத்தினார்கள். வழிகாட்டிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் சுமைகாரர்களும் அதில் முன்வரிசைக்கு வந்தார்கள். புதையல் எதுவும் புதிதாகத் தோண்டி எடுக்கப்படவில்லை. இருந்த தாள்களையே வேறு கேள்வியோடு படித்தார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய கட்டுகளைப் பிரித்துப் புதிதாக அடுக்க வேண்டுமா? கூடாது. வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பகத்தின் அடிப்படை விதி. எந்தக் கடிதத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதும் ஒரு சான்று. கலைத்தால் அந்தச் சான்று போய்விடும். மாற வேண்டியது அடுக்கு அல்ல, அதைப் பற்றிய விவரக் குறிப்பு.

கடிதத்தை எழுதியவர், தேதி, பக்க எண்ணிக்கை ஆகியவற்றோடு அதில் யார் யார் பேசப்படுகிறார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்க்குறிப்பு திறந்து, அவர் அழைக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும் எழுத்து வேறுபாடுகளையும் அதன் கீழ் கொண்டு வர வேண்டும். வாழ்ந்த காலமும் ஊரும் சேர்ந்தால் பம்பாய் என்ற மனிதரும் பம்பாய் என்ற நகரமும் தனித்தனியே பிரிந்து நிற்கும். பெயர் தெரியாத சுமைகாரர்களுக்குப் பெயர் கற்பிக்கக் கூடாது. பெயர் பதிவாகவில்லை என்று எழுதினாலே போதும்.

இது வரலாற்றைத் திருத்தி எழுதும் வேலை என்று சிலர் குறை சொல்வதுண்டு. கடிதத்தில் இல்லாததைச் சேர்த்தால்தான் அது திருத்தல். கடிதத்திலேயே இருக்கும் பெயரைப் பட்டியலுக்குக் கொண்டு வருவது, கடிதத்தை முழுதாகப் படிப்பதாகும்.

உண்மையான தடை நேரமும் ஆளும்தான். பெட்டிக்கு ஒரு வரி எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். தாளுக்கு ஒரு வரி எழுதப் பல ஆண்டுகள் ஆகும். சேகரிப்பின் ஒரு பகுதி பின்னாளில் கணினி வடிவம் பெற்றது. கையெழுத்தைக் கணினியே வாசிக்கும் வசதியும் வளர்ந்து வருகிறது. ஆனாலும் மங்கிய மையில், ஓர் ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தபடி எழுதிய ஆப்பிரிக்கப் பெயரைக் கணினி தவறாக வாசித்தால், அந்த மனிதர் மறுபடியும் தொலைந்து போவார். அது யாருடைய பெயர் என்று அறிந்து சரி பார்க்க ஒருவர் அந்தத் தாளின் முன் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.