கிணற்றுக்குள் காது வைத்தவர்கள்



மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்பதற்குத் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காது வைப்பார்கள். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண்ணுக்கு எட்டாததைக் காது அறிந்து சொல்கிறது. எண்ணெய், வாயு தேடிக் கிணறு தோண்டுபவர்களும் எழுபது வருடங்களாக இதைத்தான் செய்கிறார்கள். அந்த வரலாற்றில் நம்மட நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மூன்று கிலோமீற்றர் ஆழக் கிணறு. அகலம் ஓர் அடியளவுதான். உள்ளே முழுக்கச் சேற்றுக் கரைசல். எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் ஒரு நீளமான கருவியை இறக்குவார்கள். அதன் ஒரு பகுதி ஒலியை எழுப்பும், மறுபகுதி கேட்கும். ஒலி காற்றில் செக்கனுக்கு 340 மீற்றர் போகும், நீரில் சுமார் 1,500. இறுகிய மணற்கல்லில் 5,000 மீற்றரையும் தாண்டும். பாறையில் துளைகள் இருந்து, அவற்றில் நீரோ வாயுவோ நிரம்பியிருந்தால் ஒலி பிந்தி வரும். எவ்வளவு பிந்தினால் எவ்வளவு துளை என்று கணிக்க, 1956இல் வைலியும் அவரது சகாக்களும் ஓர் எளிய சமன்பாட்டைத் தந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்துக் கருவிகள் முதலில் வந்து சேரும் அலையை மட்டுமே பயன்படுத்தின. அதன் பின்னால் குறுக்கலை வரும், கிணற்றுச் சுவரோடு ஒட்டி ஓடும் ஸ்டோன்லி அலை வரும். எல்லாம் ஒன்றோடொன்று கலந்திருக்கும். எது எந்த அலை என்று பிரிக்கக் கணிதம் தேவைப்பட்டது. திரவம் நிரம்பிய துளையில் அலை எப்படி ஓடும் என்ற சமன்பாட்டை பியோ 1952இலேயே எழுதிவிட்டார். அதிலிருந்து முழு அலையையும் கணித்தெடுக்கக் கணினி வரவேண்டியிருந்தது. 1981இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செங் என்பவரும், துருக்கியில் பிறந்த நாபி தொக்சோஸும் அதைச் செய்து வெளியிட்டார்கள். 1985இல் ஸ்டீபன் குழுவினர் வேறொரு வழியில் போனார்கள். வயலை வரம்பு கட்டிப் பிரிப்பதுபோல, கிணற்றையும் பாறையையும் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கணமும் அலை அடுத்த கட்டத்துக்கு எப்படித் தாவுகிறது என்று கணித்தார்கள். கணித்த அலையைப் பதிவான அலையோடு ஒப்பிட்டால் பாறையின் உறுதி, வெடிப்பு, திரவம் ஊடுருவும் தன்மை எல்லாம் மெல்ல மெல்லத் தெரியவரும்.

இனி நம் கதை. 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு மன்னார் பேசாலையில் தோண்டினார்கள். பயன் தரும் அளவுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் கடலில், சுமார் 1,350 மீற்றர் ஆழத் தண்ணீருக்குக் கீழே ‘டொராடோ’ கிணற்றைத் தோண்டி, மணற்கல் படையில் 25 மீற்றர் தடிப்பில் வாயு கண்டது. அடுத்து ‘பராகுடா’விலும் கண்டது. 2015இல் அந்த நிறுவனம் விலகிவிட்டது. வாயு இன்னும் கடலடியில்தான் இருக்கிறது. 2016இல் நம் கிழக்குக் கடலையும் ஆய்வு செய்ய டோட்டல் நிறுவனத்தோடு உடன்படிக்கை கையெழுத்தானது.

கிணறு மூடப்பட்டாலும் பதிவுகள் அழிவதில்லை. அடுத்து வருபவர் அவற்றிலிருந்துதான் தொடங்குவார். அந்தப் பதிவை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பேரம் பேச முடியும். தெரியாதவர், வந்தவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். நம் கடலில் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லப்போவது யார்?

அதற்கு வேண்டிய அலை, நுண்கணிதம் எல்லாவற்றுக்கும் அத்திவாரம் உயர்தரப் பாடத்திலேயே இருக்கிறது. ஆகவே வெல்லாவெளிப் பெற்றோருக்கும், படுவான்கரை, எழுவான்கரைப் பெற்றோர் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கணிதம் படிக்க ஆசைப்படும் பிள்ளையை, “அது கஷ்டம், வேறு பாடம் எடு” என்று திருப்பி விடாதீர்கள். பொம்பிளைப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளை அந்தப் பதிவை வாசிக்கும் மேசையில் நம் பிள்ளை ஒருவரும் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.