விவாகரத்து: சட்டம் சொல்லும் ஆறு மாதமும் நீதிமன்றம் எடுக்கும் ஆண்டுகளும்

விவாகரத்துக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதே எம்மிடம் வருவோர் முதலில் கேட்கும் கேள்வி. இருவரும் உடன்படுகிறார்களா என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

இந்து திருமணச் சட்டம், 1955இன் 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இணையர் கூட்டாக மனு அளிக்கலாம். ஆறு மாதங்களுக்குப் பின், பதினெட்டு மாதங்களுக்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுக வேண்டும். தக்க சூழலில் இந்த ஆறு மாதத்துக்கு விலக்களிக்கலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டமோ இரண்டாண்டுப் பிரிவைக் கோருகிறது. அதனை ஓராண்டாகவே கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2010இல் கூறியது.

காத்திருப்பு எல்லோருக்கும் சுமையன்று. சாதி மறுப்புத் திருமணம் செய்த பெண்ணைப் பெற்றோர் இழுத்துச் சென்று மனுவில் கையெழுத்து வாங்கும் சூழலில், அதுவே அவருக்கு எஞ்சியிருக்கும் அவகாசம். தீர்ப்பாணை வரும்வரை ஒருவர் தம் இசைவைத் திரும்பப் பெறலாம் என்பது சுரேஷ்டா தேவி வழக்கின் (1991) தீர்ப்பு. ஆகவே, அவசரப்படுவது யார் என்று முதலில் கேட்கிறோம்.

ஒருவர் எதிர்த்தால் கணக்கே மாறிவிடும். அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது 21பி பிரிவு. நடைமுறையில் ஆண்டுகள் ஓடுகின்றன. அறிவிப்பை வாங்காமல் தவிர்ப்பது, ஆலோசனை அமர்வுகள், குழந்தைப் பொறுப்பு, குறுக்கு விசாரணை, ஓயாத வாய்தாக்கள் என்று காரணங்கள் பல. தினக்கூலிப் பெண்ணுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி. இழுத்தடிப்பவர் நம்பியிருப்பதும் இதைத்தான். மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, இயன்றவரை, அறிவிப்பு சார்வான 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும். இதைக் கேட்டு வியப்பவர்களே அதிகம்.

நம் மக்களிடையே இன்னொரு வழியும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டு, பெண் அறுத்துக்கட்டிக்கொள்ளும் வழக்கம் அது. மேல்சாதி ஒழுக்கம் இழிவாகப் பேசிய இந்த உரிமையை 29(2) பிரிவு காப்பாற்றுகிறது. ஒரே நாளில் முடிந்துவிடும். சிக்கல் பின்னர்தான் தொடங்குகிறது. வழக்கம் தொன்றுதொட்டு, இடையறாது நிலவியதை அதனைச் சார்ந்து நிற்பவரே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிடில் மறுமணம் செல்லாது. இரண்டாம் கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியமும் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையொப்பம் பெறுவதால் மட்டும் எந்தத் திருமணமும் முறிந்துவிடாது. ஊரில் தீர்த்துக்கொண்டவர்கள், சாட்சி சொல்லும் பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே, தம் மணநிலையை உறுதிசெய்யும் விளம்புகை வழக்கைக் குடும்பநல நீதிமன்றத்தில் தொடுத்துவிட வேண்டும்.