இழந்த தாங்கலை மீட்டல்: மறு மூக்கறுவையில் வடிவமும் மூச்சும்

முன்பு செய்த அறுவையால் குலைந்துபோன மூக்கைத் திருத்த ஒருவர் மீண்டும் மருத்துவரிடம் வரும்போது, ‘அழகுக்காகவா, மூச்சுக்காகவா?’ என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. ஒப்புதல் படிவம், கட்டணம், காப்பீடு எல்லாமே இதற்கு வரும் பதிலைப் பொறுத்தே அமைகின்றன. இந்தப் பாகுபாடு மூக்கின் உடற்கூற்றுக்கு ஒவ்வாதது. மறு அறுவைக்கு வரும் பெரும்பாலான மூக்குகளில் வடிவம் கெட்டதற்கும் மூச்சு தடைப்பட்டதற்கும் காரணம் ஒன்றே: முதல் அறுவையில் மூக்கை நிமிர்த்தி நிறுத்தும் குருத்தெலும்புத் தாங்கல் பறிபோயிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே சிகிச்சையாகத் திட்டமிடுவதும் ஒரே சிகிச்சையாக மதிப்பிடுவதும்தான் முறை.

நவீன மூக்கறுவையின் தொடக்க வரலாறு பெரிதும் குறைத்தலின் வரலாறு. 1887இல் அமெரிக்காவின் ஜான் ஆர்லாண்டோ ரோ மூக்கின் உள்வழியாகவே நுனியைத் திருத்தினார். 1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். 1900களின் தொடக்கத்தில் ஃப்ரீரும் கில்லியானும் வளைந்த இடைச்சுவரின் குருத்தெலும்பைச் சளிச்சவ்வுக்கு அடியிலிருந்து வெட்டியெடுக்கும் முறையை நிலைநாட்டினர். அளவு மீறினால் என்ன ஆகும் என்பது பின்னர் தெரிந்தது: மூக்குத்தண்டு குதிரைச் சேணம்போல் உள்வாங்கியது, இடைச்சுவரில் ஓட்டை விழுந்தது. முதுகுப்புறமும் முன்விளிம்பிலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும் என்ற இன்றைய விதி அந்த அனுபவத்தின் விளைவு.

மூக்கைச் சிறிதாக்கத் தண்டின் மேட்டைச் சீவும்போது நடப்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த மேடு முழுவதும் எலும்பன்று. அதன் கீழ்ப்பகுதியில் இருபக்க மேற்குருத்தெலும்புகள் இடைச்சுவரோடு சேர்ந்து ஒரு கூரையாகின்றன. மேட்டைச் சீவினால் அந்த இணைப்பும் அறுபடுகிறது. பிடிப்பிழந்த பக்கக் குருத்தெலும்புகள் மாதக்கணக்கில் மெல்ல உள்ளே சரிகின்றன. வெளியே, எலும்பு முடியும் விளிம்பில் தலைகீழ் ‘வி’ வடிவ நிழல் விழுகிறது. உள்ளே, மூக்கு வால்வு எனப்படும் இடுக்கு நெருங்குகிறது. ஐரோப்பியரின் மூக்கில் இந்த இடுக்கின் கோணம் இயல்பிலேயே பத்து முதல் பதினைந்து பாகைதான். மூக்கின் வழியே செல்லும் காற்றுக்கு ஏற்படும் தடையில் பெரும்பகுதி இங்கேதான் உண்டாகிறது. சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகும். மூக்கில் காற்று அவ்வளவு சீராக ஓடுவதில்லை என்பதால் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது; ஆயினும் ஒரு மில்லிமீட்டர் சரிவு ஏன் இவ்வளவு வருத்துகிறது என்பதை அது விளக்குகிறது.

1984இல் ஜாக் ஷீன் விவரித்த ‘ஸ்ப்ரெடர் கிராஃப்ட்’ என் வாதத்துக்கு வலுவான சான்று. சில மில்லிமீட்டர் அகலமுள்ள குருத்தெலும்புக் கீற்றுகளை இடைச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே வைத்துத் தைக்கிறார்கள். அதே கீற்று வெளியே நிழலை அழிக்கிறது, உள்ளே இடுக்கை விரிக்கிறது. இதில் அழகுக்கு எத்தனை தையல், மூச்சுக்கு எத்தனை தையல் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூச்சடைப்பு இருந்தும் வடிவம் கெடாதவர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஒவ்வாமையாலோ உள்மூக்கின் பக்கமடல்கள் வீங்குவதாலோ அடைப்பு வரும். அவர்களுக்கு மருந்தே போதலாம். தண்டில் சிறு மேடுபள்ளம் மட்டும் உள்ளவர் நன்றாகவே மூச்சுவிடுவார். என் கூற்று தாங்கல் குலைந்த மூக்குகளைப் பற்றியது மட்டுமே. மற்றோர் எதிர்வாதம் இதைவிடக் கனமானது. அடைப்பு உணர்வை மட்டும் நம்ப முடியாது. மெந்தால் முகர்ந்தாலே காற்றுத் தடை மாறாமல் மூக்கு திறந்ததுபோலத் தோன்றும். அதனால்தான் நோயாளி சொல்வதோடு பரிசோதனையும் சேர வேண்டும். கன்னத்தைப் பக்கவாட்டில் இழுத்தும், உள்ளே மெல்லிய கருவியால் பக்கச்சுவரைத் தாங்கிப் பிடித்தும் மூச்சு எளிதாகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறு அறுவைக்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. தாங்கலை மீண்டும் கட்டத் தேவையான இடைச்சுவர்க் குருத்தெலும்பு பெரும்பாலும் முன்பே தீர்ந்திருக்கும். காதுக் குருத்தெலும்பு வளைந்தது, நிமிர்ந்து தாங்கும் வலு குறைந்தது. எஞ்சுவது விலாக் குருத்தெலும்பு. அது நாளடைவில் வளையலாம். மார்பில் தழும்பும் வலியும் உண்டு. அரிதாக நுரையீரல் உறையில் காற்றும் புகலாம். ‘தோற்றத்துக்காக இவ்வளவு தேவையா?’ என்பது நியாயமான தயக்கம். ஆனால் தாங்கலைக் கட்டாமல் அடைப்பை மட்டும் நீக்க வழியில்லாதபோது, விலாவை எடுப்பது தோற்றத்துக்காக மட்டுமன்று. தழும்பு இளக ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்கச் சொல்வதும் இதே கவனத்தால்தான். தன் உருவம் பற்றிய தீராத மனவருத்தக் கோளாறு உடையவர்களும் மறு அறுவை கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது மனநல மருத்துவம். ஆனால் அந்தக் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் காட்டி ஒருவரின் மூச்சைச் சோதிக்காமலே திருப்பி அனுப்புவது தவறு.

அழகு, மூச்சு என்ற பாகுபாடு காப்பீட்டிலும் தொடர்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கு விதி தோற்றச் சிகிச்சைகளை விலக்குகிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பையும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சையையும் விதிவிலக்காக ஏற்கிறது. முந்தைய அறுவையால் வால்வு சரிந்து ஆண்டுக்கணக்கில் வாயால் மூச்சுவிடுபவர் இந்த வாசகங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பரிசோதனையில் உறுதியான தாங்கல் இழப்பையும் அந்த விதிவிலக்குகளில் ஒன்றாக ஆணையம் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.