முன்றிலும் சேர்ந்ததே வீடு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிர்களைப் பறித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில். அங்கு மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 30 அன்று, தமிழக அரசு 172ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு வைத்திருந்தவர் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் இலவசமாகப் புது வீடு கிடைக்கும். பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக மறுப்பவர் இருக்கிற வீட்டைத் தம் செலவிலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம். புது வீட்டின் அளவு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகு இவ்வளவு விரைவாக எழுந்த திட்டம் பாராட்டுக்குரியது. ஆனால் அது வீட்டைச் சுவருக்குள் அடங்கிய சதுர அடியாக மட்டுமே அளந்தது. கடலோரத்தில் வீடு ஒருநாளும் சுவரோடு முடிந்ததில்லை. மீனவர் குடியிருப்புகளில் வாழ்க்கை உயர்ந்த இடங்களையும் உயராத இடங்களையும் பார்த்தால், வீட்டுக்கு முன்னால் கிடக்கும் பொதுமணலை ஊரார் எந்த அளவுக்குத் தம் கையில் வைத்திருந்தார்கள் என்பதே அந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணமாகத் தெரிகிறது.

இந்த அமைப்பு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைக் காட்டும் பட்டினப்பாலை, தாழ்ந்த கூரை வீடுகளையும் அவற்றின் முன்னே வலை உலரும் மணல் முன்றிலையும், அதாவது முற்றத்தையும், சேர்த்தே காட்டுகிறது. வீடு சிறிது, முற்றம் பெரிது. சோழமண்டலக் கரையின் குப்பங்கள் அண்மைக் காலம் வரை ஏறக்குறைய இந்தக் கணக்கிலேயே அமைந்திருந்தன. கீற்றோ பனையோலையோ வேய்ந்த வீட்டுக்குள் படுப்பார்கள், சமைப்பார்கள், பண்டங்களைப் பத்திரப்படுத்துவார்கள். மற்ற எல்லாம் வெளியே நடக்கும். கட்டுமரத்தை ஏற்றி வைப்பதும், வலையின் கிழிசல் பார்ப்பதும், விடியற்காலை ஏலமும், கருவாடு காயப்போடுவதும், மாலையில் கொண்டல் காற்று வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்து பேசுவதும் அந்த மணலில்தான். கடலின் நிறமும் காற்றின் திசையும் வாசலில் நின்றே தெரிய வேண்டும். இன்று கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது அங்கே முடிவாகும். அந்த மணலுக்கு யாரிடமும் பட்டா கிடையாது. பெரும்பாலான வீட்டு மனைகளே புறம்போக்கில் இருந்தவை. ஆனாலும் அது கேட்பாரற்ற நிலமாகக் கிடக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து இருந்தது. மணமான ஆண் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் வருவார், வரி கட்டுவார், அதனால் ஊரின் பொதுவில் அவருக்குப் பங்கு உண்டு. யார் எங்கே வீடு போடலாம், படகு எங்கே நிற்கலாம் என்பதை ஊரே முடிவு செய்தது. வெளியாள் பணத்தைக் கொட்டினாலும் அந்த முற்றத்தில் ஓர் அடி வாங்க முடியாது என்பதுதான் ஏழை வீட்டுக்காரருக்கு இருந்த உண்மையான பாதுகாப்பு.

மறுகட்டுமானம் இந்த இடத்தில்தான் பிசகியது. பல ஊர்களில் புது மனைக்காக நிலத்தைச் சமன்படுத்தும்போது இருந்த மரங்களை வெட்டினார்கள். நேர்கோட்டு வரிசையில், ஒரே அச்சில், தட்டைக் கான்கிரீட் கூரையோடு வீடுகள் எழுந்தன. நிழல் போனது, கூரை பகலெல்லாம் சூடேறி இரவில் வீட்டுக்குள் அனலை இறக்கியது, வலை போட இடமில்லை. சென்னையில் இதைவிடக் கடுமை. நகரக் கடற்கரைக் குப்பங்களிலிருந்த பல குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலையோரச் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. எஞ்சினும் வலையும் கரையில், வீடு பல கிலோமீட்டருக்கு அப்பால். விடியுமுன் ஏலத்துக்கு வந்து சேர வேண்டிய மீன்காரப் பெண்ணுக்கு, பேருந்துச் செலவே அன்றைய வரவில் ஒரு பகுதியைத் தின்றது. பலர் திரும்பிவந்து கரையிலேயே வாடகைக்கு இருந்தார்கள். சொந்த வீடு கிடைத்த பிறகு மனிதர் வாடகைக்குப் போகிறார் என்றால், கொடுக்கப்பட்டதில் ஏதோ பெரிதாக விடுபட்டிருக்கிறது. தரங்கம்பாடியிலோ தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி வீடுகளை வடிவமைத்தது. அந்த வேலைக்குக் காலம் கூடுதலாகப் பிடிக்கத்தான் செய்யும். தலைமுறைகள் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு அந்தக் காலத்தைக் கொடுப்பதில் தவறில்லை.

அலை வந்தால் உயிர் போகும், முற்றத்தின் அருமையைப் பேசி மக்களைக் கரையில் உட்காரவைப்பது பொறுப்பா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி இது. தண்ணீரின் எல்லைக்குள் உறங்குவது ஆபத்து என்பதை 2004 காட்டிவிட்டது. படுக்கையறை சற்று உள்ளே போவதை எந்த நியாயத்தாலும் மறுக்க முடியாது. ஆனால் வீடு பின்னால் போனால் முன்னால் இருக்கும் மணல் யாருடையதாகிறது என்பது தனிக் கேள்வி. அதைக் குடியிருப்போரிடமிருந்து பிரித்தால் பாதுகாப்பும் சேர்ந்தே குறைகிறது. வேதாரண்யம் பகுதியிலுள்ள நாலுவேதபதி இதற்குச் சான்று. அந்த ஊர் மக்கள் 2002 டிசம்பரில் ஒரே நாளில் 80,000க்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆழிப்பேரலை வந்தபோது அந்த மரவரிசை அலையின் வேகத்தைத் தணித்தது, ஊர் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. தம் வீட்டுச் சுவருக்கு வெளியே, யாருக்கும் தனிச் சொத்தாகாத இடத்தில் செய்த உழைப்பு, எல்லா வீடுகளையும் காத்தது. மரம் எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் அதே கரையோரத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது; அந்த இரவில் கூரை வீட்டைவிடக் கான்கிரீட் வீடே மனிதரைக் காப்பாற்றியது. மணல்மேடு, மரம், உறுதியான சுவர் மூன்றும் வேண்டும். இவற்றில் அரசு ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டக்கூடியது ஒன்றுதான். மற்ற இரண்டும் அங்கேயே குடியிருப்பவர் கண்காணிப்பில்தான் நிற்கும்.

இன்னொரு மறுப்பு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. பழைய ஊர் அமைப்பைப் புகழும்போது அதற்குள் யாருக்கு இடமில்லை என்பதை மறைத்துவிடக்கூடாது. தலைக்கட்டு என்றால் ஆண். கணவனை இழந்த பெண் வரி கட்ட வேண்டாம் என்பது இரக்கம்போலத் தோன்றும். நிவாரணம் தலைக்கட்டுக் கணக்கில் பங்கிடப்பட்டபோது அந்த இரக்கமே அவளைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. கரையோரத் தலித் தொழிலாளர்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கிலேயே வரவில்லை. கூரை வீடு ஒன்றில் தீப்பிடித்தால் தெருவே எரியும். இவற்றோடு ஒப்பிட்டால், கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்ட புது வீட்டுப் பத்திரம் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். அதை ஒருபோதும் திரும்பக் கொடுக்கக்கூடாது. முன்றிலைக் காப்பதற்குப் பழைய அதிகாரத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை. வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறியதுபோலப் பொதுமணலைப் பற்றிய முடிவுகளிலும் அவள் குரல் ஏற வேண்டும். அந்த மணலில் மிக நீண்ட நேரம் உழைப்பவள் அவள்தான், மீனைப் பிரிப்பதும் காயவைப்பதும் விற்பதும் அவள் கையில்தானே இருக்கிறது.

மக்கள் காத்திருக்கவும் இல்லை. புதுக் குடியிருப்புகள் பலவற்றில் இலவச வீட்டுக்கு முன் கீற்றுப் பந்தல் முளைத்தது, வேம்பும் முருங்கையும் வளர்ந்தன, சமையல் வாசல் பக்கம் நகர்ந்தது. திட்டம் விட்டுவிட்டதை வீட்டுக்காரர்களே தம் காசில் போட்டு நிரப்பினார்கள். சுவருக்கு வெளியே கடற்கரை மணலுக்கு மட்டும் அப்படி ஒரு தனிவீட்டுக்காரர் செலவழிக்க முடியாது, அங்கே சட்டம் வேண்டும். சட்டத்தில் வழி இருக்கிறது. 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்தது. 2011 அறிவிக்கை 100 மீட்டருக்கு அப்பால் மரபுவழிக் கடலோர மக்களுக்கு வீடு கட்ட இடம் தந்தது. மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வேண்டும், கடலோர மேலாண்மை வரைபடத்தில் அவர்களின் குடியிருப்புகளும் பொது இடங்களும் குறிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் வந்த 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி சதுரக் கிலோமீட்டருக்கு 2,161க்கு மேலுள்ள ஊர்களில் கட்டடத் தடையை 50 மீட்டராகச் சுருக்கியது. இந்தத் தளர்வு மீனவருக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு விடுதிக்காரருக்கும் உதவும். பொது இடம் வரைபடத்தில் ஏறாத ஊரில் முதலில் நுழைபவர் பணக்காரராகத்தான் இருப்பார். ஆகவே வலை காயும் திடல், படகு நிறுத்துமிடம், கருவாட்டுக் களம், ஏலக்கரை, மணல்மேடு ஒவ்வொன்றையும் ஊர் ஆண்களும் மீன் விற்கும் பெண்களும் கூடவே நடந்து அளந்து, புல எண்ணோடு பதிய வேண்டும். அது முடியும்வரை எந்தக் குப்பத்தின் முன்னாலும் சாலைக்கோ பூங்காவுக்கோ உல்லாச விடுதிக்கோ ஓர் எல்லைக்கல்லும் நடக்கூடாது.