இரண்டு சாட்சிகள் முன் ஒரு குழந்தை

சிறு குழந்தை யார் பேச்சை நம்பும் என்ற கேள்வியை உளவியல் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே தத்துவவாதிகள் அதில் கட்சி பிரிந்துவிட்டார்கள். மனிதர்கள் பெரும்பாலும் உண்மை பேசுவதைப் பார்த்துப் பழகியதால்தான் பிறர் சொல்லை நம்புகிறோம் என்று டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார். 1764இல் ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் அவரை மடக்கினார்: அனுபவம்தான் காரணம் என்றால், அனுபவமே இல்லாத குழந்தையல்லவா எல்லாரையும் சந்தேகிக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. நம்புவது பிறவிக்குணம், சந்தேகம் பின்னால் வருவது என்பது ரீடின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டு இந்த வழக்கைத் தீர்க்கவில்லை. உளவியலாளர் பியாஜே காட்டிய குழந்தை தானே தொட்டு, தட்டி, புரட்டி உலகை அறிவது. அடுத்தவர் சொல்லுக்கு அங்கே இடம் குறைவு. இன்னொரு பக்கம், 1900இல் ஆல்பிரட் பினே தொடங்கிவைத்து, பிற்காலத்தில் நீதிமன்றச் சாட்சியம் வரை சென்ற ஆய்வுகள், சொல்லிக்கொடுத்தால் மாறிவிடும் மனமாகக் குழந்தையைக் கண்டன. அப்பாவிக்கும் விஞ்ஞானிக்கும் நடுவே யாரும் இல்லை.

2004இல் மெலிசா கோனிக், ஃபாப்ரிஸ் க்ளெமான், பால் ஹாரிஸ் மூவரும் அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். அவர்கள் முறை எளியது. 3, 4 வயதுக் குழந்தைகளுக்குத் தெரிந்த பொருள்களை இருவர் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். ஒருவர் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வார்; மற்றவர் பந்தைக் காட்டிச் செருப்பு என்பதுபோல் தப்பாகவே சொல்வார். பிறகு குழந்தை கண்டிராத ஒரு பொருள் வரும். இருவரும் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். யார் சரியாகச் சொன்னார் என்று அடையாளம் காட்டத் தெரிந்த குழந்தைகள், புதுப் பொருளுக்கும் அவர் சொன்ன பெயரையே ஏற்றார்கள். 2007இல் வந்த தொடர் ஆய்வு கணக்கைச் சிக்கலாக்கியது. பெரும்பாலும் சரியாகச் சொல்பவர் எப்போதாவது தவறினால்கூட 3 வயதினர் தடுமாறினார்கள். 4 வயதினரோ 75 விழுக்காடு சரியாகச் சொன்னவரை 25 விழுக்காட்டுக்காரரிடமிருந்து பிரித்தறிந்தார்கள்.

இந்த முறையை ஆய்வுக்கூடங்கள் அடுத்தடுத்துக் கைக்கொண்டன. உச்சரிப்பு, வயது, பழக்கம் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஆனால் குழந்தை நீதிபதிபோல் தெரிந்ததில் சோதனையின் அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. முரண்படும் இரண்டு சாட்சிகளை எதிரே நிறுத்தினால் யாரானாலும் எடைபோட்டுத்தான் ஆகவேண்டும். வீட்டில் பெரும்பாலும் ஒரு குரல்தான் ஒலிக்கிறது.

2010இல் விக்ரம் ஜஸ்வால் குழுவினர் இதைத் தொட்டார்கள். இரண்டு கோப்பைகளில் ஒன்றின் கீழே ஒட்டுப்படம். கண்டுபிடித்தால் குழந்தை வைத்துக்கொள்ளலாம். எதிரே நிற்கும் பெரியவர் ஒவ்வொரு முறையும் தவறான கோப்பையைச் சொல்வார். எட்டு முறை ஏமாந்தும், 16 பேரில் 9 குழந்தைகள் ஒருமுறைகூடப் படத்தை எடுக்கவில்லை. எல்லாரும் 3 வயதினர். பேச்சுக்குப் பதிலாக ஓர் அம்புக்குறி வைத்து ஏமாற்றியபோது குழந்தைகள் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்கள். ஆக, தவறைக் கவனிக்கும் திறன் இல்லாமல் இல்லை. முகம் பார்த்துப் பேசும் மனிதரை மறுக்கத்தான் அந்த வயதில் கூடவில்லை. ரீட் இதைப் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதற்கு முந்தைய ஆண்டே கேத்லீன் கோரிவோவும் ஹாரிஸும் பாலர் பள்ளிகளில் பழகிய ஆசிரியையையும் புதியவரையும் எதிரெதிரே வைத்துப் பார்த்திருந்தார்கள். முதலில் எல்லா வயதினரும் தங்கள் ஆசிரியைக்கே போனார்கள். அவர் தவறாகச் சொல்லத் தொடங்கிய பிறகும் 3 வயதினர் விலகவில்லை. 5 வயதினரிடம் அந்தப் பற்று தளர்ந்தது.

அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில் தாயையே ஒரு சாட்சியாக நிறுத்தினார்கள். பாதி குதிரை, பாதி பசுவாக வரைந்த விலங்குக்குத் தாய் ஒரு பெயரும் அந்நியர் ஒரு பெயரும் சொல்வார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் தாயுடன் பாதுகாப்பான பிணைப்புக் கொண்டிருந்தவர்கள் சந்தேகமான இடத்தில் தாயை நம்பினார்கள். வேறு படம் தெளிவாக அந்நியர் சொன்ன விலங்கின் பக்கம் சாய்ந்தபோது கண்ணை நம்பினார்கள். பதற்றமான பிணைப்புள்ளவர்கள் படம் என்ன சொன்னாலும் தாயை விடவில்லை. தாயிடமிருந்து விலகி நிற்கும் பிணைப்புள்ளவர்களுக்குத் தாயும் அந்நியரும் ஒன்றாகவே இருந்தார்கள்.