மறைபுண்ணும் இளைப்பாற்றுச் சம்பளமும்

போரிற் புண்பட்டாரைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் புகழ்ந்தும், முதுகிற் பட்டதைப் புறப்புண் எனப் பழித்தும் வாழ்ந்தவர் நம் முன்னோர். புறப்புண் நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனை மாணவர் யாவரும் அறிவர். ஆயின், மார்பிலும் முதுகிலுமன்றி ஆடை மறைக்கும் இடத்திலே பட்ட புண்ணைப் பற்றிய பேச்சு அரிது. அத்தகைய புண்ணால் ஆண்மையும் மகப்பேறும் இழந்த போர்வீரனுக்கு அரசும் சட்டமும் யாது செய்தன என்பதை வரலாற்று வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழகத்திலே போரில் வீழ்ந்தார்க்கு நடுகல் எடுத்தனர். அவர்தம் குடும்பத்தார்க்கு நிலம் வழங்கினர். அந்நிலம் உதிரப்பட்டி எனக் கல்வெட்டுக்களிலே பெயர் பெறுகின்றது. சிந்திய குருதிக்கு ஈடாக அளித்த நிலம் என்பது இதன் பொருள். கல்லும் நிலமும் பெரும்பாலும் மாண்டாரையும் அவர் வழியினரையும் நோக்கியனவே. உடல் ஊனமுற்று உயிரோடு மீண்டவனுக்கு ஒழுங்கான உதவி அளித்தல் பிற்கால அரசுகள் கண்ட முறையாகும்.

இங்கிலாந்திலே 1593ஆம் ஆண்டில், ஊனமுற்ற படைவீரரையும் மாலுமிகளையும் ஊர்தோறும் அறவிட்ட வரிப்பணத்தாற் பேணுதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. பிரான்சிலே பதினான்காம் லூயி மன்னன் 1670இல் அவர்களுக்கென மாளிகை ஒன்றை அமைக்கப் பணித்தான். 1682இல் இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் இலண்டனிலே செல்சி இல்லத்தை நிறுவினான். இந்தியாவிலே, மீர் ஜாபர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு கிளைவ் பிரபு ஏற்படுத்திய நிதி 1770 முதல் கும்பனிப் படையில் ஊனமுற்றோர்க்கும் விதவைகட்கும் உதவிற்று. இவையாவும் பெரும்பாலும் அருளாக வழங்கப்பட்டனவேயன்றி, உரிமையாகக் கேட்டுப் பெறப்பட்டனவல்ல.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் பேரவை 1776ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. போரிலே அங்கம் இழந்தோ, பிழைப்புக்கு உழைக்க இயலாதவாறு ஊனமுற்றோ மீண்டவனுக்கு அரைச் சம்பளம் என்பது அச்சட்டம். உழைக்கும் ஆற்றல் குறைந்த அளவுக்கு உதவி என்ற கொள்கை இதனுள் அமைந்துள்ளது. பிற்காலத்து எழுந்த நூற்றுவீதக் கணக்குக்கும் அடிப்படை இதுவே. கையிழந்தவனுக்கு இத்தனை வீதம், கண்ணிழந்தவனுக்கு இத்தனை வீதம் எனப் பட்டியல்கள் எழுந்தன.

இக்கொள்கை மறைபுண்ணின் முன்னே தடுமாறிற்று. ஆண்மை இழந்தவன் ஏர் பிடிக்கலாம், தோணி வலிக்கலாம், கந்தோரில் அமர்ந்து கணக்கும் எழுதலாம். அவன் வருவாய் குறையவில்லை. ஆகவே, பட்டியலின்படி அவன் இழந்தது ஒன்றுமில்லை என்றாகும். இம்முடிவு அறத்துக்கு ஒவ்வாதென உணர்ந்த அமெரிக்கர், 1952இல் இனப்பெருக்க உறுப்பின் இழப்புக்கும் அதன் பயனிழப்புக்கும் தனியே மாதப்பணம் வழங்கச் சட்டஞ் செய்தனர். இன்றும் அந்நாட்டுப் பட்டியலிலே ஆண்மைக் குறைவுக்குக் கிடைக்கும் வீதம் பூச்சியமே. ஆனால் இச்சிறப்புப் பணம் அதனோடு சேர்த்து அளிக்கப்படுகின்றது. 2025இல் அது மாதத்துக்கு ஏறத்தாழ 136 டொலர். தொகை சிறிதே. எனினும், உழைப்பு ஒன்றே மனிதனன்று எனச் சட்டம் ஒப்புக்கொண்டமை சிறிதன்று.

கோருவோன் மூன்றினை நிறுவல் வேண்டும்: நோய் இப்போது உளது; சேவைக்காலத்தில் ஒரு காரணம் நிகழ்ந்தது; இரண்டுக்கும் தொடர்புண்டு. தொடர்பு நேரே இருத்தல் வேண்டுமென்பதில்லை. வியற்நாம் போரிலே காட்டை அழிக்கத் தெளித்த நஞ்சினால் நீரிழிவு வந்ததென 2001 முதல் அந்நாடு ஊகித்து ஏற்கின்றது. நீரிழிவு நரம்பையும் குருதிக்குழாயையும் கெடுத்து ஆண்மைக் குறைவை விளைக்குமாயின், அதுவும் போரின் விளைவாகவே கொள்ளப்படும். இந்திய உயர் நீதிமன்றமும் 2013இல் தரம்வீர் சிங் வழக்கிலே இதனையொத்த நெறியைக் கூறிற்று. படையிற் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் தோன்றின், அது சேவையால் விளைந்ததென்றே ஊகிக்க வேண்டும். அன்றென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என்பது அத்தீர்ப்பு.

இனி, மருத்துவ வரலாறும் நோக்கற்பாலது. ஆண்மைக்குரிய நரம்புகளுட் சில முள்ளந்தண்டு வடத்தின் அடிப்பகுதியினின்றும் பிரிவன. ஆதலின் வடத்தைத் தாக்கும் புண் காலோடு இதனையும் கெடுத்தல் கூடும். 1944இல் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையிலே லுட்விக் குட்மன் தனிப்பிரிவு தொடங்கும்வரை, இத்தகையோர் நெடுநாள் வாழ்தல் அரிதாயிருந்தது. உயிர் காக்கப்பட்ட பின்னரே, எவ்வாறு வாழ்வது என்ற வினா எழுந்தது. 2001 முதல் 2013 வரை ஈராக்கிலும் ஆப்கானித்தானத்திலும் பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதைக் காயமுற்ற அமெரிக்க ஆண்படையினர் 1,367 பேர் என ஓர் ஆய்வு கணக்கிட்டது. எண்ணப்பட்டமையாலேயே அவர்தம் துயர் அரசின் கண்ணுக்குப் புலனாயிற்று.

நம் நாட்டின் நிலை யாது? இலங்கை இராணுவம் 1949இல் அமைந்தது. ஊனமுற்ற படையினரையும் அவர் குடும்பத்தாரையும் பேணுதற்கு 1999இன் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை தோன்றிற்று. அவ்வாறிருந்தும், 12 ஆண்டுச் சேவை நிறையுமுன் அங்கவீனத்தால் விலகியோர் தமக்கும் இளைப்பாற்றுச் சம்பளம் வேண்டுமென 2016இல் கொழும்பிலே போராட நேர்ந்தது. 2009இல் முடிந்த போரிலே எதிர்ப்பக்கம் நின்று ஊனமுற்றார்க்கும், எப்பக்கமும் நில்லாது எறிகணையிற் சிக்கிய குடிமக்கட்கும் அத்தகைய சம்பளமும் இல்லை. இழப்பீட்டு அலுவலகம் 2018இன் சட்டத்தால் அமைந்தது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் மாங்குளத்திலே ‘உயிரிழை’ எனத் தாமே ஓர் அமைப்பாக ஒன்றுகூடியுள்ளனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உதவிப்பண விண்ணப்பத்தை நிரப்பித் தருமாறு எம்மிடம் வந்தார். எறிகணையால் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். பாதிப்புக்களை எழுதுமிடத்தில் கால்களைச் சொன்னார். சிறுநீர்த் தொல்லையைத் தயங்கிச் சொன்னார். வேறும் உண்டோ என வினவியபோது, வாயிலில் நின்ற மனைவியை ஒருமுறை நோக்கிவிட்டு, “மாஸ்ரர், இவ்வளவும் காணும்” என்றார். யாமும் அதற்குமேல் வினவவில்லை. அன்று எழுதாது விட்ட அவ்வொரு வரியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சாட்டிக் கடற்கரையை அடுத்த துயிலும் இல்லத்திலே மாண்டார்க்குக் கார்த்திகையில் விளக்கேற்றப்படுகின்றது. அது நடுகல் மரபின் தொடர்ச்சியே. ஆயின், அதே ஊர்களிலே மறைபுண்ணோடு வாழ்வார் வாய்திறவாது முதுமை எய்துகின்றனர். சொல்லப்படாத இழப்பை எச்சட்டமும் ஈடுசெய்யாது. ஆதலால் மருத்துவர் தாமாகவே வினவுதல் வேண்டும். விண்ணப்பம் கேட்கும் அலுவலர் தனியிடத்திற் கேட்டல் வேண்டும். கணவனின் இழப்பு மனைவியின் இழப்புமாம் என்பது உணரப்படல் வேண்டும். இந்நோயைக் குறிக்க இழிவற்ற சொற்களை மாணவர்க்குக் கற்பித்தல் எம்மனோராகிய ஆசிரியர் கடன். புறப்புண்ணுக்கு நாணிய மரபு நம்முடையது. அந்நாணம் குற்றமற்ற இப்புண்ணுக்கு உரியதன்று.