வில் பொறித்த காசும் வஞ்சி மாநகரும்

தமிழ் விழா மேடைகளில் வில், புலி, கயல் எனும் மூவேந்தர் இலச்சினைகளைக் காணாதார் இரார். 1893-இல் தொடங்கிய லாலாகுடா இரயில்வே பணிமனையை நாடி வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளும் அவற்றை அறிவர். ஆயினும் புலிக்கு உறையூர், கயலுக்கு மதுரை என உடனே விடையிறுப்போர், வில்லுக்குரிய வஞ்சி எங்கே என வினவினால் தயங்குவர். அறிஞரும் தயங்கினர்.

பெரியாற்றங்கரையில் இருந்தது என்றார் வி. கனகசபைப் பிள்ளை, 1904-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில். ஆன்பொருநைக் கரையிலுள்ள கரூரே வஞ்சி என்று நிறுவ 'வஞ்சிமாநகர்' எழுதினார் ரா. இராகவையங்கார். செய்யுளுக்கு உரை இருவிதமாகவும் கூறலாமாதலின் வழக்குத் தீரவில்லை.

இவ்விடத்துத் தென்னித்தாலியின் தாரந்தோ நகரை நினைத்தல் தகும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டாவினர் குடியேறிய ஊர் அது. டால்பின் மீதமர்ந்த வீரன் உருவைத் தன் வெள்ளிக் காசுகளில் பொறித்தது. கி.மு. 272-இல் உரோமர் வென்றனர். பின்னர் மொழியும் மாறிற்று. அவ்வுருவமோ இன்றும் அந்நகராட்சியின் இலச்சினையாக விளங்குகிறது.

கரூரிலும் காசுகளே முதலில் பேசின. அமராவதி என இன்று வழங்கும் ஆன்பொருநையின் மணலில், ஒருபுறம் யானையும் மறுபுறம் வில்லும் அம்பும் பொறித்த சதுரச் செப்புக் காசுகள் கிடைத்தன. 'மாக்கோதை' எனும் பெயர் தாங்கிய வெள்ளிக் காசில் மன்னன் தலையுருவம் உரோமக் காசின் சாயலிலேயே அமைந்துள்ளது! உரோமர் காசுகளும் அங்கே மிகுதி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க நிலநூலார் தாலமி, 'கரௌரா' எனும் உள்நாட்டு நகரைச் சேரர் அரசிருக்கையாகக் குறித்ததும் இதனோடு பொருந்துகிறது.

காசு கைமாறி எங்கும் செல்லுமே என்பர் மறுப்போர். நேரிய வினாவே. ஆனால் பாறை நகர்வதில்லை. கரூரை அடுத்த புகழூர்க் குன்றில், கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன், பேரன் என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. சமண முனிவர்க்குக் குகை உறையுள் அமைத்த செய்தி அது. கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் பெயரும் அக்குன்றிலேயே காணப்படுகிறது. எனவே சங்ககால வஞ்சி கரூரே எனக் கொள்வதே என் துணிபு. கொடுங்கல்லூரின் பெருமை பிற்காலச் சேரரைச் சார்ந்தது.

ஈரோடு–கரூர் இருப்புப்பாதையில் புகழூர் என்றொரு சிறு நிலையம் உண்டு. இரயில்வே குடும்பத்தினராகிய நம்மில் சிலர் அதனை உறங்கியவாறே கடந்திருப்போம். குன்றின்மேல் முருகன் கோயில். பெயர்கள் பொறித்த குகைகள் அக்குன்றிலேயே உள்ளன.